‘ஆன்-ரோடு’ விலைக்குள் ஒளிந்திருக்கும் 57,000 ரூபாய்! - புது கார் வாங்கும் முன் பேரம் பேசுவது எப்படி?

காஞ்சிபுரத்துக்காரர்களிடம் பட்டுப் புடவை விற்பது அவ்வளவு சுலபமில்லை. ஜரிகையை நகத்தால் சுரண்டி உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். முந்தானையையும் உடலையும் இணைக்கும் இடத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். ‘சில்க் மார்க்’ எங்கே என்று கேட்பார்கள். நான்கு கடை ஏறி இறங்கிய பிறகுதான் பணத்தை எடுப்பார்கள்.

அதே ஆட்கள் கார் ஷோரூமுக்குள் நுழைந்தால் கதையே வேறு. ஏ.சி குளிரும் கையில் கொடுத்த ஜூஸும், கண்ணெதிரே பளபளவென்று நிற்கும் வண்டியும் சேர்ந்து வேலையைக் காட்டிவிடும். பத்தாயிரம் ரூபாய் புடவைக்கு இரண்டு மணி நேரம் செலவழிக்கும் குடும்பம், எட்டு லட்ச ரூபாய் காருக்கு அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறது.

இத்தனைக்கும் காஞ்சிபுரம், காருக்குப் புதிய மாவட்டம் அல்ல. 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் இருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்த நாள் முதல், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் லட்சக்கணக்கான கார்கள் தயாராகி உலகமெங்கும் போய்க்கொண்டிருக்கின்றன. அந்த ஆலைகளில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. ஆனால், காரைச் செய்யத் தெரிவது வேறு. வாங்கத் தெரிவது வேறு.

ஒரு குடும்பம், ஒரு கொட்டேஷன்

பல்கலைக்கழகத்தால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஊர், ஏனாத்தூர். அங்கே ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு ஒரகடத்தில் வேலை. மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறார். அப்பாவுக்கு மாதம் ஒருமுறை சென்னையில் சிகிச்சை. ஒவ்வொரு முறையும் வாடகை காருக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. சீட்டுப் பணம், சேமிப்பு எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கிறது. மீதிக்குக் கடன். வாழ்க்கையில் முதல் கார்.

அவர்கள் பார்த்த பெட்ரோல் காரின் எக்ஸ்-ஷோரூம் விலை 7,20,000 ரூபாய். ‘ஆன்-ரோடு 9,09,200 ரூபாய் சார். உங்களுக்காக மேனேஜர்கிட்ட பேசி 15,000 குறைச்சுத் தர்றேன். 8,94,200 கொடுத்தா போதும்’ என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. கணவர் சந்தோஷமாகத் தலையாட்டப் போகிறார்.

‘என்னங்க, அந்த ஒரு லட்சத்து எண்பத்தொன்பதாயிரம் எதுக்குன்னு முதல்ல கேளுங்க’ என்கிறார் மனைவி.

அந்த ஒரு கேள்விதான் பேரத்தின் ஆரம்பம். பிரித்துக் கொடுக்கச் சொன்னதும் வந்த கணக்கு இது:

எக்ஸ்-ஷோரூம் விலை - ரூ.7,20,000
சாலை வரி - ரூ.93,600
இன்சூரன்ஸ் - ரூ.42,000
ஆக்சஸரீஸ் பேக் - ரூ.18,000
எக்ஸ்டெண்டட் வாரன்டி - ரூ.14,000
ஹேண்ட்லிங் சார்ஜ் - ரூ.8,500
டெஃப்லான் கோட்டிங் - ரூ.6,500
பதிவுச் செலவு - ரூ.6,000
ஃபாஸ்டேக் - ரூ.600

(குடும்பமும் தொகையும் உதாரணத்துக்காகத்தான். ஆனால், ஷோரூம் கொட்டேஷன்களில் இந்தத் தலைப்புகள் சர்வசாதாரணம்.)

இந்தப் பட்டியலில் எது குறையும், எது குறையாது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பேரத்துக்கு இடமில்லாத வரி

சாலை வரி அரசாங்கத்துக்குப் போவது. இதில் டீலரால் ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியாது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இருந்து, 5 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20% என்று வாழ்நாள் வரி வசூலிக்கப்படுகிறது. 7,20,000 ரூபாய்க்கு 13% என்றால் 93,600. கணக்கு சரி.

பேரம் பேச முடியாது. ஆனால், யோசித்துத் தேர்வு செய்ய முடியும். 9,95,000 ரூபாய் காருக்கு 13% வரி, 1,29,350 ரூபாய். ‘இன்னும் பத்தாயிரம் போட்டா டாப் மாடல் சார்’ என்று 10,05,000 ரூபாய் வண்டிக்குத் தாவினால் வரி 18% ஆகிவிடும். அதாவது 1,80,900 ரூபாய். 10,000 ரூபாய் வித்தியாசத்துக்கு 51,550 ரூபாய் கூடுதல் வரி! இது போக, 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு 1% டி.சி.எஸ்-ஸும் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். ஆனால், கார் வாங்கும் அன்று கையில் இருந்துதான் கட்ட வேண்டும்.

ஜி.எஸ்.டி விஷயத்தில் 2025 செப்டம்பர் 22 முதல் நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 4 மீட்டர் நீளத்துக்குள், 1,200 சி.சி-க்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கும், அதே நீளத்துக்குள் 1,500 சி.சி வரையிலான டீசல் கார்களுக்கும் வரி 18% ஆகக் குறைந்தது. அதற்கு முன் சின்ன பெட்ரோல் காருக்கு செஸ் சேர்த்து 29% இருந்தது. வரிக்கு முந்தைய விலை 6 லட்சம் என்றால், பழைய வரியில் 7,74,000 ரூபாய். புதிய வரியில் 7,08,000 ரூபாய். அதாவது 66,000 ரூபாய் குறைவு. பெரிய கார்களுக்கு 40%, எலெக்ட்ரிக் கார்களுக்கு 5%.

இதில் கவனிக்க வேண்டியது, வரிக் குறைப்பு என்பது டீலர் தரும் தள்ளுபடி அல்ல. ‘ஜி.எஸ்.டி-லயே 60,000 குறைஞ்சிருக்கே சார், இதுக்கு மேல டிஸ்கவுன்ட் எப்படி?’ என்று கேட்டால், ‘அது அரசாங்கம் குறைச்சது, நீங்க எவ்வளவு குறைக்கறீங்க?’ என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கேட்கலாம்.

இன்சூரன்ஸ்: பெரிய மிச்சம் இங்கேதான்

சின்னக் கார்களை விற்பதில் டீலருக்குக் கிடைக்கும் நேரடி லாபம் பெரிதல்ல. இன்சூரன்ஸ், கடன், ஆக்சஸரீஸ், பிறகு சர்வீஸ் என்று மற்ற வழிகளில்தான் கணிசமான வருமானம். அதனால் காரின் விலையில் பிடிவாதமாக இருப்பவர்கள், இந்த இடங்களில் இறங்கி வருவார்கள்.

2018 செப்டம்பரில் இருந்து புதுக் காருக்கு மூன்று ஆண்டு தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். இதன் பிரீமியம் எல்லா கம்பெனியிலும் ஒன்றுதான். 2022-ல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி, 1,000 சி.சி வரை 6,521 ரூபாய், 1,000 முதல் 1,500 சி.சி வரை 10,640 ரூபாய், அதற்கு மேல் 24,596 ரூபாய். ஜி.எஸ்.டி தனி. வித்தியாசம் வருவது, நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ பகுதியிலும் கூடுதல் கவர்களிலும்தான்.

டீலரிடம்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. வாடிக்கையாளரை அப்படி நிர்பந்திக்கக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் விதி. அதே காருக்கு வெளியே ஆன்லைனிலோ, ஊரில் தெரிந்த ஏஜென்ட்டிடமோ ஒரு கொட்டேஷன் வாங்கி, அதை ஷோரூமில் காட்டுங்கள். பல சமயம் அவர்களே அந்த விலைக்கு இறங்கி வருவார்கள்.

ஆனால், ஒப்பிடும்போது ஐ.டி.வி தொகையும் கூடுதல் கவர்களும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐ.டி.வி-யைக் குறைத்துக் காட்டி பிரீமியத்தைக் குறைப்பது பழைய தந்திரம். புதுக் காருக்கு எக்ஸ்-ஷோரூம் விலையில் 95% ஐ.டி.வி என்பது வழக்கம். 7,20,000 ரூபாய் காருக்கு 6,84,000 ரூபாய். இதைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

எல்லா கவரையும் வெட்டிவிடவும் கூடாது. ஏரிகள் நிறைந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் மழைக்காலத்தில் சாலையும் தண்ணீரும் ஒன்றாகிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் சாதாரண பாலிசி கைகொடுப்பது சந்தேகம்தான். எனவே, ‘இன்ஜின் புரொடெக்‌ஷன்’, ‘ஜீரோ டெப்ரிசியேஷன்’ இரண்டும் முதல் சில ஆண்டுகளுக்கு அவசியம்.

‘ஹேண்ட்லிங்’ என்றால் என்ன சார்?

‘ஹேண்ட்லிங்’, ‘லாஜிஸ்டிக்ஸ்’, ‘டெப்போ சார்ஜ்’ என்று பல பெயர்களில் ஒரு தொகை வரும். இப்படி ஓர் அரசுக் கட்டணம் கிடையாது. ஆலையில் இருந்து ஷோரூமுக்கு வண்டி வந்து சேரும் செலவு, எக்ஸ்-ஷோரூம் விலையிலேயே அடக்கம். ‘இது எதுக்கான தொகை, இதுக்குத் தனியா ரசீது தருவீங்களா?’ என்று கேட்டால் போதும். பெரும்பாலும் அந்த வரி கொட்டேஷனில் இருந்து மறைந்துவிடும்.

பதிவுச் செலவும் அப்படித்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளின் கட்டணப் பட்டியல்படி, சொந்த உபயோகக் காரின் பதிவுக் கட்டணம் 600 ரூபாய். கடனில் வாங்கினால், அதை ஆர்.சி-யில் குறிப்பதற்கு 1,500 ரூபாய். ஸ்மார்ட் கார்டு, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்ந்தாலும் ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டிக் கேட்டால், விவரம் கேளுங்கள்.

ஆக்சஸரீஸ் ‘கம்பல்சரி’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஃப்ளோர் மேட், மட் ஃப்ளாப், சீட் கவர் எல்லாம் வெளியே பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். ஆனால் வயரை வெட்டி இணைக்கும் வேலைகளை வெளியே செய்தால் வாரன்டிக்குச் சிக்கல் வரலாம். அவற்றை மட்டும் ஷோரூமிலேயே செய்துகொள்ளுங்கள். டெஃப்லான் கோட்டிங் புதுப் பெயின்டுக்கு உடனடித் தேவை இல்லை. எக்ஸ்டெண்டட் வாரன்டி, காரைப் பல ஆண்டுகள் வைத்திருப்பவர்களுக்குப் பயனுள்ளது. பின்னால் எடுத்துக்கொள்ள எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

‘மாசம் எவ்வளவு கட்ட முடியும்?’

ஷோரூமில் கேட்கப்படும் கேள்விகளிலேயே ஆபத்தானது இதுதான். ‘பத்தாயிரம்’ என்று சொல்லிவிட்டால், அதற்கு ஏற்ற மாதிரி தவணைக் காலத்தை நீட்டிவிடுவார்கள். காரின் விலை என்ன என்ற பேச்சே பின்னால் போய்விடும்.

6 லட்சம் கடன், 9% வட்டி, 5 ஆண்டுகள் என்றால் இ.எம்.ஐ சுமார் 12,455 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1,47,300. அதே கடனை 7 ஆண்டுகளுக்கு நீட்டினால் இ.எம்.ஐ 9,653-ஆகக் குறையும். ஆனால் மொத்த வட்டி சுமார் 2,10,900 ரூபாய். மாதம் 2,800 ரூபாய் குறைந்ததற்கு 63,600 ரூபாய் கூடுதல் வட்டி!

‘வெறும் 6% வட்டி சார்’ என்றால், ‘ஃப்ளாட்டா, டிமினிஷிங்கா?’ என்று கேளுங்கள். 5 ஆண்டு கடனுக்கு 6% ஃப்ளாட் வட்டி என்பது, குறையும் நிலுவைக் கணக்கில் ஏறக்குறைய 11%. 2024 அக்டோபர் முதல், தனிநபர் கடன்கள் எல்லாவற்றுக்கும் ‘கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்’ என்ற விவரத்தாள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த உண்மையான ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். ஷோரூமுக்குப் போகும் முன்பே, சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் ஒரு விகிதத்தைக் கேட்டுவைத்துக்கொண்டால், பேரத்தில் கை ஓங்கும். முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் கேளுங்கள்.

எப்போது போகலாம்?

நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் பலர் வண்டி எடுப்பதில்லை. ஷோரூம்களில் ஈ ஓட்டும் காலம் அது. டார்கெட் மட்டும் குறையாது. அதனால், பேரத்துக்கு ஏற்ற மாதம் ஆடிதான். சம்பிரதாயம் பார்ப்பவர்கள் ஆடியில் விலை பேசி புக் செய்துவிட்டு, ஆவணி பிறந்ததும் டெலிவரி எடுக்கலாம். ‘இந்த ஆஃபர் டெலிவரி வரைக்கும் செல்லும்’ என்று மட்டும் எழுதி வாங்கிவிடுங்கள். ஆயுத பூஜை, தீபாவளி நேரத்தில் கம்பெனி ஆஃபர்கள் இருந்தாலும், கூட்டம் அதிகம் என்பதால் தனிப்பட்ட பேரத்துக்கு இடம் குறைவு.

மாதத்தின் கடைசி வாரம், மார்ச் கடைசி, டிசம்பர் ஆகியவையும் நல்ல நேரங்கள். டிசம்பரில் கிடைக்கும் பெரிய தள்ளுபடிக்குக் காரணம், ஜனவரி பிறந்தால் அந்த வண்டி ‘போன வருஷ மாடல்’ ஆகிவிடும். பின்னால் விற்கும்போது அது விலையைக் குறைக்கும். பத்து வருடம் ஓட்டப்போகிறவர்களுக்கு இது லாபம். மூன்று வருடத்தில் மாற்றுபவர்கள் யோசிக்க வேண்டும்.

பேசும் விதம்

ஒரே காருக்குக் குறைந்தது மூன்று டீலர்களிடம் கொட்டேஷன் வாங்குங்கள். காஞ்சிபுரத்தோடு நிற்காமல் செங்கல்பட்டு, ஸ்ரீபெரும்புதூர், தாம்பரம் பக்கமும் கேட்கலாம். எங்கே வாங்கினாலும், ஏனாத்தூர் முகவரிக்கு டி.என் 21 எண்ணிலேயே பதிவு செய்துகொள்ள முடியும்.

‘டிஸ்கவுன்ட் எவ்வளவு?’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘கம்பெனி ஆஃபர் எவ்வளவு, டீலர் ஆஃபர் எவ்வளவு, எக்ஸ்சேஞ்ச் போனஸ் எவ்வளவு, கார்ப்பரேட் ஆஃபர் எவ்வளவு?’ என்று பிரித்துக் கேளுங்கள். பல நிறுவன ஊழியர்களுக்கும், அரசு ஊழியர்களுக்கும், ஆசிரியர்களுக்கும் தனிச் சலுகை இருக்கும். ஐ.டி கார்டைக் காட்டினால் கிடைக்கும். கேட்காவிட்டால் யாரும் தர மாட்டார்கள். பழைய வண்டியைக் கொடுப்பதாக இருந்தால், அதற்கு வெளியே விலை விசாரித்துவிட்டு, புதுக் காரின் விலையை முடித்த பிறகு அந்தப் பேச்சை எடுங்கள். இரண்டையும் கலந்தால், இங்கே கொடுப்பதை அங்கே எடுத்துவிடுவார்கள்.

குரலை உயர்த்தத் தேவையில்லை. எதிரில் இருக்கும் தம்பியும் பக்கத்து ஊர்ப் பிள்ளைதான். மாத டார்கெட்டை நம்பி இருப்பவர். ‘இந்த விலைக்கு முடிஞ்சா இன்னைக்கே புக் பண்றோம் தம்பி. மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். முடியாது என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்த நாள் போன் வரும். வராவிட்டாலும் நஷ்டமில்லை, மற்ற இரண்டு கொட்டேஷன்கள் கையில் இருக்கின்றனவே!

எழுத்தில் வாங்குங்கள்

ஊராட்சி உறுப்பினராகும் தகுதி என்ன, குடவோலை எடுப்பது எப்படி என்பதையெல்லாம், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பராந்தகச் சோழன் காலத்திலேயே கோயில் சுவரில் கல்வெட்டாகப் பொறித்து வைத்தது, இதே மாவட்டத்தின் உத்திரமேரூர். ஷோரூமில் நாம் வாய்வார்த்தையை நம்பி வரலாமா?

பேசி முடித்த விலை, இலவசமாகத் தருவதாகச் சொன்ன பொருள்கள், டெலிவரி தேதி, தயாரிப்பு மாதம், புக்கிங்கை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா, இடையில் கம்பெனி விலையை உயர்த்தினால் யார் பொறுப்பு என்ற எல்லாமே டீலரின் முத்திரையோடு ஆர்டர் ஃபார்மில் இருக்க வேண்டும். பணத்தை டீலர்ஷிப்பின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். தனிநபரின் ஜிபே எண்ணுக்கு வேண்டவே வேண்டாம். 2 லட்சம் ரூபாயோ, அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதும் இல்லை.

பதிவுக்கு முன், பகல் வெளிச்சத்தில் வண்டியைப் பாருங்கள். சேஸிஸ் எண் பேப்பரோடு ஒத்துப்போகிறதா, ஓடோமீட்டரில் எத்தனை கிலோமீட்டர், பெயின்டில் கீறல் உண்டா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2225 என்றால், 2025-ம் ஆண்டின் 22-வது வாரம் தயாரான டயர். தயாரிப்பு மாதமும் ஆண்டும் விற்பனைச் சான்றிதழான ஃபார்ம் 21-ல் இருக்கும். பெயரில் பதிவாகிவிட்டால், பிறகு மாற்றுவது பெரும்பாடு.

அதையும் மீறிச் சிக்கல் வந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019 சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். வக்கீல் கட்டாயமில்லை. அப்போது கைகொடுப்பவை அந்தக் கொட்டேஷனும் ரசீதும்தான்.

கடைசிக் கணக்கு

ஏனாத்தூர் குடும்பத்துக்கு வருவோம். வெளியே வாங்கிய கொட்டேஷனைக் காட்டியதும் இன்சூரன்ஸ் அதே கவர்களோடு 31,000 ரூபாய்க்கு இறங்கியது. ஆக்சஸரீஸ் பேக், ஹேண்ட்லிங், டெஃப்லான் மூன்றும் போயின. பதிவுச் செலவு 3,000 ஆனது. எக்ஸ்டெண்டட் வாரன்டியை வைத்துக்கொண்டார்கள். தள்ளுபடி 15,000-ல் இருந்து 25,000 ஆனது. ஃப்ளோர் மேட்டும் மட் ஃப்ளாப்பும் இலவசம். மொத்தம் 8,37,200 ரூபாய்.

முதலில் ‘உங்களுக்காக’ என்று சொன்ன 8,94,200-க்கும் இதற்கும் வித்தியாசம் 57,000 ரூபாய். அதில் கெஞ்சிக் கேட்டு வாங்கிய தள்ளுபடி 10,000 மட்டுமே. மீதி 47,000 ரூபாய், ‘இது எதுக்கு?’ என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டதால் மிச்சமானது.

6 லட்சம் ரூபாய் கடனுக்கு நாலரை மாத இ.எம்.ஐ அது. அப்பாவின் மருந்துச் செலவுக்கு ஆகும். அல்லது டேங்கை நிரப்பிக்கொண்டு, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, திருத்தணிக்கோ மாமல்லபுரத்துக்கோ ஒரு ரவுண்டு போய்வரலாம். எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைக்கும்போது, மனசில் ‘ஏமாந்துட்டோமோ’ என்ற நெருடல் இல்லாமல் வண்டி கிளம்பும்.